உலோகத்தின் மேல் ஓடும் ஒளி
தமிழ் மொழியும் இலக்கியமும்: அறிவியல் விளக்கக் கட்டுரைக்கான பாடம்

அறிமுகம்

மாணவர்களே, கட்டுரைத் தலைப்புகளுள் அறிவியல் சார்ந்த ஒன்றும் இடம்பெறுவதுண்டு. பலர் அதனைத் தொடுவதேயில்லை. தொடுவோரிற் பெரும்பாலானோர் "இன்றைய நவீன யுகத்திலே" எனத் தொடங்கி, நன்மைகளை வரிசையாக அடுக்கி, "எனவே விஞ்ஞானம் மனிதனுக்குக் கிடைத்த வரப்பிரசாதமாகும்" என முடித்து விடுகின்றனர். இத்தகைய கட்டுரையைக் கணினி பற்றியும் எழுதலாம். செய்மதி பற்றியும் எழுதலாம். தலைப்பைத் தவிர வேறெதுவும் மாறாது. புள்ளி குறைவதற்குக் காரணம் இதுவே.

நல்ல விளக்கக் கட்டுரை பின்வரும் மூன்று வினாக்களுக்கும் விடை கூறும்.

1. தீர்க்க வேண்டிய சிக்கல் யாது?
2. அது எவ்வாறு தீர்க்கப்படுகின்றது?
3. அத்தீர்வுக்காகக் கொடுக்க வேண்டிய விலை யாது?

மூன்றாவது வினாவே பெரும்பாலும் மறக்கப்படுகின்றது. அதனை மறவாது எழுதப் பழகுவதற்காக, தொடர்பாடற் துறையில் ஆராயப்பட்டு வரும் ஒரு விடயத்தை இப்பாடத்தில் எடுத்துக்கொள்வோம். உலோக மேற்பரப்பிலே மிக நுண்ணிய பள்ளங்களையும் துளைகளையும் அமைத்து, அவற்றின் மூலம் ஒளியை நாம் விரும்பும் வழியிற் செலுத்துதலே அவ்விடயமாகும். முதலில் விடயத்தை விளங்கிக்கொள்வோம். பின்னர் அதனைக் கட்டுரையாக்கும் முறையை நோக்குவோம்.

1. தெரிந்திருக்க வேண்டிய சொற்கள்

நனோமீற்றர்: ஒரு மில்லிமீற்றரின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு.
மைக்கிரோமீற்றர்: ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் ஒரு பங்கு. இது 1000 நனோமீற்றருக்குச் சமன்.
அலைநீளம்: அலையொன்றின் அடுத்தடுத்த இரு முடிகளுக்கு இடைப்பட்ட தூரம்.
மீடிறன்: ஒரு செக்கனில் நிகழும் அலைவுகளின் எண்ணிக்கை.
சுயாதீன இலத்திரன்: உலோகத்தினுள் எந்தவோர் அணுவுடனும் கட்டுண்டிராது அசையக்கூடிய இலத்திரன்.
ஒளியியல் நார்: முழு அகத்தெறிப்பின் மூலம் ஒளியைக் கொண்டு செல்லும் மெல்லிய கண்ணாடி இழை.
சில்லு: கோடிக்கணக்கான நுண்ணிய மின் உறுப்புகள் பதிக்கப்பட்ட சிலிக்கன் துண்டு.

2. சிக்கல் யாது?

தொலைபேசி உரையாடலும் இணையத் தகவலும் நெடுந்தூரம் செல்வது பெரும்பாலும் ஒளியியல் நார் வழியாகவே. கண்ணாடி இழையினூடாகத் தகவலை அனுப்பலாம் என்பதை 1966 இல் சார்ள்ஸ் காவோவும் அவருடன் பணியாற்றிய ஹொக்கமும் எடுத்துக்காட்டினர். இப்பணிக்காகக் காவோவுக்கு 2009 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நெடுந்தூர நார்களிற் பெரிதும் பயன்படுவது ஏறத்தாழ 1550 நனோமீற்றர் அலைநீளமுடைய ஒளியாகும். இது கண்ணுக்குப் புலப்படாத செந்நிறக் கீழ்க் கதிர். இந்த அலைநீளத்திற் கண்ணாடி நாரின் இழப்பு மிகக் குறைவு. நல்ல நாரொன்றில் ஒளி 15 கிலோமீற்றர் சென்ற பின்னரே அதன் வலு அரைவாசியாகக் குறையும்.

ஆகவே வழியிற் பெரிய சிக்கல் இல்லை. சிக்கல் இருப்பது வழியின் இரு அந்தங்களிலும் ஆகும். கணினி பேசுவது மின்னின் மொழி. நார் பேசுவது ஒளியின் மொழி. ஓர் அந்தத்தில் மின் சமிக்ஞையை ஒளிச் சமிக்ஞையாகவும், மறு அந்தத்தில் ஒளிச் சமிக்ஞையை மின் சமிக்ஞையாகவும் மாற்ற வேண்டும். இம்மாற்றத்தைச் சில்லின் மீதே செய்ய முடிந்தால் இடமும் சக்தியும் மிச்சமாகும்.

இங்கேதான் அளவு பொருந்தாமற் போகின்றது. சில்லிலுள்ள மின் உறுப்புகளின் நுண்பகுதிகள் சில பத்து நனோமீற்றர் அளவினவாக அமைக்கப்படுகின்றன. ஆனால் ஒளி ஓர் அலை. சாதாரண ஒளிபுகு பொருளொன்றினுள் அதனைத் தன் அலைநீளத்தின் ஏறத்தாழ அரைவாசியிலும் குறைந்த இடத்துள் அடக்க முயன்றால், அது கட்டுக்குள் நில்லாது வெளியே பரந்து விடும். எனவேதான் சிலிக்கனால் அமைக்கப்படும் ஒளி வழி ஏறத்தாழ 450 முதல் 500 நனோமீற்றர் அகலமுடையதாய் இருக்கின்றது. ஒழுங்கைக்குள் பேருந்து நுழைய முடியாதவாறு போல, மின் உறுப்புகளுக்கு இடைப்பட்ட சிறிய வெளிக்குள் ஒளி நுழைய முடியாதுள்ளது.

"அப்படியாயின் மின்கம்பியையே பயன்படுத்தலாமே?" என நீங்கள் கேட்கலாம். மின்கம்பி ஒடுக்கமானதே. எனினும் சமிக்ஞையின் மீடிறன் கூடக் கூட, கம்பியில் அது நலிவடைகின்றது, வெப்பமும் தோன்றுகின்றது. ஒளியின் விரைவான தகவற் கொள்ளளவும் வேண்டும். மின்கம்பியின் ஒடுக்கமும் வேண்டும். இதுவே தீர்க்க வேண்டிய சிக்கல்.

3. உலோகம் செய்யும் வேலை

ஒளி உலோகத்தில் தெறிக்கும் என்பதை நீங்கள் விஞ்ஞானப் பாடத்திற் படித்துள்ளீர்கள். ஏன் தெறிக்கின்றது? ஒளி ஒரு மின்காந்த அலை. அதன் மின்புலம் உலோகத்திலுள்ள சுயாதீன இலத்திரன்களை முன்னும் பின்னும் அசைக்கின்றது. அசையும் இலத்திரன்கள் தாமும் ஒளியைக் காலுகின்றன. அவ்வொளியே தெறிகதிராக நமக்குத் தெரிகின்றது.

சில நிலைமைகளில் ஒளி இவ்வாறு திரும்பிச் செல்வதில்லை. உலோகமும் கண்ணாடியும், அல்லது உலோகமும் வளியும், சந்திக்கும் எல்லையிலே ஒளியலையும் இலத்திரன்களின் அலைவும் ஒன்றாகக் கைகோத்து, மேற்பரப்பை ஒட்டியபடியே ஓடுகின்றன. இவ்விணைந்த அலை மேற்பரப்புப் பிளாஸ்மன் எனப்படும். பொன், வெள்ளி ஆகிய உலோகங்களில் இது நன்கு நிகழும்.

இவ்வலையின் சிறப்பியல்புகள் இரண்டு.

(அ) இது எல்லையை விட்டு விலகுவதில்லை. உலோகத்தினுள் இதன் புலம் சில பத்து நனோமீற்றர் ஆழத்துக்குள் நலிந்து விடும்.
(ஆ) இரு உலோகச் சுவர்களுக்கு இடையே சில பத்து நனோமீற்றர் இடைவெளியே இருந்தாலும் அதனுள் இவ்வலை நுழைந்து செல்லும்.

அதாவது, பேருந்து நுழைய முடியாத ஒழுங்கைக்குள் ஒளியைக் கொண்டு செல்ல உலோகம் உதவுகின்றது.

4. நுண்ணமைப்பு எதற்காக?

பளபளப்பான தட்டையான உலோகத்தகட்டின் மேல் டோர்ச் ஒளியைப் பாய்ச்சினால் மேற்பரப்புப் பிளாஸ்மன் தோன்றுமா? தோன்றாது. காரணத்தை ஓர் உவமையால் விளக்குவோம்.

விளையாட்டுப் போட்டியில் நடைபெறும் அணிநடையை நினைத்துக்கொள்ளுங்கள். இரு அணிகள் அருகருகே செல்கின்றன. மேளம் ஒன்றே, ஆகவே இரு அணிகளும் ஒரே தாளத்திற் கால் வைக்கின்றன. ஆனால் ஓரணியின் காலடி நீளமானது. மற்றையதன் காலடி குறுகியது. சிறிது நேரத்தில் ஓரணி பின்தங்கி விடும். இங்கே மேளம் மீடிறனையும் காலடி நீளம் அலைநீளத்தையும் குறிக்கும். ஒரே மீடிறனுக்கு, வளியிற் செல்லும் ஒளியின் காலடி நீளமானது; மேற்பரப்பு அலையின் காலடி குறுகியது. இரண்டும் இணைந்து செல்ல மாட்டா.

மேற்பரப்பிலே ஒழுங்கான இடைவெளியிற் பள்ளங்களையோ துளைகளையோ அமைத்தால், அவ்விடைவெளி இந்த வேறுபாட்டை ஈடுசெய்கின்றது. ஒளியின் காலடி மேற்பரப்பு அலையின் காலடியுடன் பொருந்துகின்றது. இடைவெளியை மாற்றினால் பொருந்தும் அலைநீளமும் மாறும். எனவே எந்த அலைநீளமுடைய ஒளி பிடிபட வேண்டும், எத்திசையிற் செல்ல வேண்டும் என்பவற்றை உலோகத்தின் மேல் நாம் அமைக்கும் வடிவமே தீர்மானிக்கின்றது. உலோக மேற்பரப்பில் ஒளியைக் கட்டுப்படுத்துதல் என்பதன் பொருள் இதுவேயாகும்.

5. நினைவிற் கொள்ள வேண்டிய ஆண்டுகள்

1902: நெருக்கமான கோடுகள் கீறப்பட்ட உலோகத்தகட்டில் ஒளி தெறிக்கும்போது, எதிர்பாராத இருண்ட, ஒளிர்ந்த பட்டைகள் தோன்றுவதை அமெரிக்கரான றொபேட் வூட் கண்டார். காரணம் அப்போது விளங்கவில்லை.
1957: உலோக மேற்பரப்பில் இலத்திரன் அலைவுகள் இருக்க வேண்டும் எனக் கொள்கை அடிப்படையில் றூபஸ் றிச்சி எடுத்துக்காட்டினார்.
1968: ஜேர்மனியில் ஒட்டோ ஒரு முறையாலும், கிரெச்மன், றேதர் ஆகியோர் வேறொரு முறையாலும், கண்ணாடி அரியத்தைப் பயன்படுத்தி இவ்வலையை ஒளியினால் தோற்றுவித்தனர்.
1998: தோமஸ் எபசன் குழுவினர் துளைகளிடப்பட்ட வெள்ளிப் படலம் பற்றிய ஆய்வை வெளியிட்டனர்.
2006: டென்மார்க்கின் ஓல்போ நகரில் பொசெவோல்னி என்பாரும், பிரான்சின் ஸ்ராஸ்பூர்க் நகரில் எபசனும் தத்தம் குழுவினருடன் இணைந்து, பொன்னில் வெட்டிய நுண்ணிய கூர்ங்கால்வாய்களில், தொடர்பாடலுக்குப் பயன்படும் அலைநீளமுடைய ஒளியை ஓடச் செய்தனர். ஒரு வழியை இரண்டாகப் பிரிக்கும் கிளைகளையும் வளையங்களையும் அக்கால்வாய்களாலேயே அமைத்துக் காட்டினர்.
2015: சுவிற்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள தொழினுட்பப் பல்கலைக்கழகத்தினர் 10 மைக்கிரோமீற்றர் நீளமான உலோகப் பண்பேற்றியை வெளியிட்டனர்.

6. துளைகள் கற்பித்த பாடம்

இவற்றுள் 1998 ஆம் ஆண்டு ஆய்வைச் சற்று விரிவாக நோக்குவோம். ஒளியின் அலைநீளத்திலும் மிகச் சிறிய துளையொன்றினூடாக மிகச் சொற்ப ஒளியே செல்லும் என்பது 1944 இல் ஹான்ஸ் பேதே செய்த கணிப்பின் முடிவு. யப்பானின் சுக்குபா நகர ஆய்வுகூடத்திற் பணியாற்றிய எபசன், நுண்துளைகள் வரிசையாக இடப்பட்ட உலோகப் படலத்தினூடாக, எதிர்பார்த்ததிலும் மிகக் கூடிய ஒளி வருவதை 1989 இல் அவதானித்தார். அதனை விளங்கி வெளியிட ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சென்றன.

வெளியிடப்பட்ட முடிவு வியப்பூட்டுவதாய் இருந்தது. துளையின் விட்டத்தைப் போலப் பத்து மடங்கு வரை அலைநீளமுடைய ஒளியும் வெளிவந்தது. அதுமட்டுமன்றி, சில அலைநீளங்களிலே துளைகளின் பரப்பின் மேல் நேரடியாக விழுந்த ஒளியிலும் கூடிய ஒளி மறுபுறம் வந்தது. இல்லாத ஒளி தோன்றியதா? இல்லை. துளைகளுக்கு இடையேயுள்ள உலோகத்தின் மேல் விழுந்த ஒளியின் ஒரு பகுதி மேற்பரப்பு அலையாக மாறித் துளைகளைச் சென்றடைந்து, அவற்றினூடாக வெளியேறியது. கூரையில் விழும் மழைநீர் பீலியால் ஒன்று சேர்ந்து குழாய் வழியே இறங்குவதை இதற்கு உவமையாகக் கூறலாம்.

கவனிக்க: இவ்வுவமை ஒளி ஒன்று சேர்வதை மாத்திரமே விளக்கும். துளைகளின் இடைவெளி மாறும்போது வெளிவரும் நிறம் மாறுவதை இது விளக்காது. உவமை எது வரை பொருந்தும் என்பதை அறிந்து பயன்படுத்துக.

2002 இல் எபசன் குழுவினர் மற்றொன்றையும் காட்டினர். தனித்துளை ஒன்றைச் சுற்றி, ஒளி வெளியேறும் பக்கத்தில் வட்டப் பள்ளங்களை அமைத்தபோது, துளையிலிருந்து நாற்புறமும் சிதற வேண்டிய ஒளி ஒடுங்கிய கற்றையாக நேரே சென்றது. 2014 இல் எபசன், ஸ்ரெபான் ஹெல், ஜோன் பென்ட்றி ஆகிய மூவருக்கும் நனோ விஞ்ஞானத்துக்கான கவ்லி பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

7. கொடுக்க வேண்டிய விலை

இதுவரை கூறியவற்றை மாத்திரம் எழுதினால் கட்டுரை பாதியிலேயே நின்றுவிடும். ஒளியுடன் சேர்ந்து அசையும் இலத்திரன்கள் சும்மா அசைவதில்லை. அவை உலோகத்தினுள் மோதிச் சக்தியை இழக்கின்றன. அச்சக்தி வெப்பமாக மாறுகின்றது. எனவே மேற்பரப்பு அலை வெகுதூரம் செல்ல முடியாது. 1550 நனோமீற்றர் அலைநீளத்தில், பொன், வெள்ளி ஆகியவற்றின் தட்டையான மேற்பரப்பிலே அது சில நூறு மைக்கிரோமீற்றர் செல்லக்கூடும். சில பத்து நனோமீற்றர் ஒடுக்கமான இடைவெளியினுள்ளே அத்தூரம் மேலும் பன்மடங்கு குறைந்துவிடும்.

இரண்டையும் ஒப்பிடுக. கண்ணாடி நாரில் ஒளி அரைவாசியாவதற்கு 15 கிலோமீற்றர் செல்ல வேண்டும். உலோகத்திலோ ஒரு மில்லிமீற்றரைக் கடக்குமுன்னரே ஒளி பெரிதும் நலிந்துவிடுகின்றது. இங்கு ஒரு விதியை நாம் காணலாம்: ஒளியை எவ்வளவுக்கு ஒடுக்குகின்றோமோ அவ்வளவுக்கு அதன் புலம் உலோகத்தினுட் புகும், இழப்பும் கூடும். ஒடுக்கமும் நெடுந்தூரமும் ஒருங்கே கிடைப்பதில்லை.

8. அவ்வாறாயின் பயன் யாது?

இழப்பு உண்டு என்பதற்காக உலோகம் பயனற்றதாகி விடாது. ஒளி செல்ல வேண்டிய தூரம் மிகக் குறுகியதாயின் இழப்பைப் பொறுத்துக்கொள்ளலாம். அத்தகைய இடமே பண்பேற்றி. மின் சமிக்ஞைக்கு ஏற்ப ஒளியை மாற்றும் உறுப்பு பண்பேற்றி எனப்படும்.

2015 இற் காட்டப்பட்ட பண்பேற்றி பின்வருமாறு தொழிற்படுகின்றது.

(அ) உள்வரும் ஒளி இரண்டாகப் பிரிந்து, பொன் சுவர்களுக்கு இடைப்பட்ட இரு ஒடுங்கிய பிளவுகளினூடாகச் செல்லும்.
(ஆ) பிளவுகளில் ஒரு சேதனப் பொருள் நிரப்பப்பட்டுள்ளது. மின்னழுத்தம் பிரயோகிக்கப்படும்போது அப்பொருளின் முறிவுச் சுட்டி மாறும். அதனால் அதனூடு செல்லும் ஒளியின் கதி மாறும்.
(இ) இரு ஒளிகளும் மீண்டும் சேரும்போது முடியுடன் முடி பொருந்தினால் ஒளி வெளிவரும். முடியுடன் தாழி பொருந்தினால் வெளிவராது. இவை முறையே 1, 0 என்னும் குறிகளாகக் கொள்ளப்படும்.

இங்கே பொன் இரட்டை வேலை செய்வதைக் கவனியுங்கள். ஒளிக்கு வழியாக இருப்பதும் அதுவே. மின்னழுத்தத்தைக் கொண்டு வரும் கடத்தியும் அதுவே. ஒளியும் மின்னும் ஒரே ஒடுக்கமான இடத்திற் சந்திப்பதால் சிறிய அழுத்தமும் பெரிய விளைவைத் தருகின்றது. அதனால் உறுப்பின் நீளம் 10 மைக்கிரோமீற்றராகக் குறைந்தது. உலோகம் பயன்படுத்தப்படாத அதே வகைப் பண்பேற்றிகளுடன் ஒப்பிடும்போது இது நூறு மடங்குக்கும் மேல் சிறியது. 70 கிகாஹேட்ஸ் வரை, அதாவது செக்கனுக்கு 7000 கோடி அலைவுகள் வரை, அது ஈடுகொடுத்தது. ஒரு குறியை அனுப்ப அது செலவிட்ட சக்தி ஒரு யூலின் நாற்பது இலட்சம் கோடியில் ஒரு பங்கு மாத்திரமே.

2018 இல் சூரிச் ஆய்வாளர்கள் பிறருடன் இணைந்து இழப்பையும் குறைக்க ஒரு வழி கண்டனர். உலோக வளையமொன்றைச் சிலிக்கன் ஒளி வழிக்கு அருகில் அமைத்தனர். ஒளி வெளிவர வேண்டிய வேளையில் அது வளையத்தினுட் புகாது சிலிக்கன் வழியே சென்றுவிடும். ஒளியை நிறுத்த வேண்டிய வேளையில் மாத்திரம் அது வளையத்தினுட் புகுந்து விழுங்கப்படும். விழுங்குதல் என்னும் குறையே இங்கு வேலைக்கு உதவுகின்றது. சில்லினுள் இழப்பு 2.5 டெசிபலாகக் குறைந்தது. அதாவது புகுந்த ஒளியில் ஏறத்தாழ 56 சதவீதம் வெளியேறியது.

9. கட்டுரையாக்கும் முறை

சட்டகம்:
முதற் பந்தி: சில்லும் ஒளியும் அளவிற் பொருந்தாமை.
இரண்டாம் பந்தி: மேற்பரப்புப் பிளாஸ்மன் என்றால் என்ன?
மூன்றாம் பந்தி: நுண்ணமைப்பின் தேவை, துளைகள் பற்றிய ஆய்வு.
நான்காம் பந்தி: இழப்பு; கண்ணாடி நாருடன் ஒப்பீடு.
ஐந்தாம் பந்தி: பண்பேற்றி, முடிவுரை.

பொருத்தமற்ற முடிவுரை: "எனவே எதிர்காலத்தில் கண்ணாடி நார்கள் யாவும் மறைந்து, உலோகமே உலகை ஆளும் என்பதில் ஐயமில்லை."

பொருத்தமான முடிவுரை: "ஒளியை ஒடுக்கும் உலோகமே அதனை விழுங்கவும் செய்கின்றது. ஆகவே கடல் கடந்து செல்லக் கண்ணாடியும், சில்லின் மீது மின்னைச் சந்திக்கப் பொன்னும் எனப் பணியைப் பிரித்துக் கொடுப்பதே அறிவுடைமையாகும்."

முதலாவது வாக்கியத்திற் சொல் பெரிது. ஆனால் இழப்பைப் பற்றி அறிந்தவர் அதனை ஏற்க மாட்டார். இரண்டாவதிற் சொல் சிறிது. பாடம் முழுவதும் அதனுள் அடங்கியுள்ளது.

தவிர்க்க வேண்டிய வழுக்கள்:
"ஒளி உலோகத்தைத் துளைத்துச் செல்கின்றது" என எழுதற்க. "உலோக மேற்பரப்பை ஒட்டிச் செல்கின்றது" என எழுதுக.
"ஒளியிலும் வேகமான ஒளி" என எழுதற்க. இங்கு கூடுவது ஒளியின் கதியன்று. குறிகளை மாற்றும் விரைவே.
எண்ணை அலகின்றி எழுதற்க. நனோமீற்றரும் மைக்கிரோமீற்றரும் மாறினால் பொருள் ஆயிரம் மடங்கு மாறும்.

10. பயிற்சி வினாக்கள்

1. சில்லினுள் ஒளியைக் கொண்டு செல்வதிலுள்ள தடை யாது?
2. தட்டையான உலோகத்தில் மேற்பரப்பு அலை எளிதில் தோன்றாமைக்குக் காரணம் யாது?
3. துளைகளின் மேல் விழுந்ததிலும் கூடிய ஒளி வெளிவந்தது எவ்வாறு?
4. 15 கிலோமீற்றருக்கு ஒரு தடவை ஒளி அரைவாசியாகுமாயின் 45 கிலோமீற்றரின் பின் எஞ்சும் பங்கு யாது?
5. உலோக வழியொன்றில் 10 மைக்கிரோமீற்றருக்கு ஒரு தடவை ஒளி அரைவாசியாகும் எனக் கொள்க. 50 மைக்கிரோமீற்றரின் பின் எஞ்சும் பங்கு யாது?
6. "பொன் இரட்டை வேலை செய்கின்றது." விளக்குக.
7. "கடலடியிற் கண்ணாடி, சில்லின் மீது பொன்" என்னும் தலைப்பில் ஐந்து பந்திகளில் விளக்கக் கட்டுரை எழுதுக.

விடைக் குறிப்புகள்

1. ஒளியைச் சாதாரண ஒளிபுகு பொருளில் அலைநீளத்தின் ஏறத்தாழ அரைவாசியிலும் குறைந்த இடத்துள் அடக்க முடியாமை.
2. ஒரே மீடிறனில் வளியிலுள்ள ஒளியின் அலைநீளமும் மேற்பரப்பு அலையின் அலைநீளமும் பொருந்தாமை.
3. துளைகளுக்கு இடைப்பட்ட உலோகத்தில் விழுந்த ஒளியின் ஒரு பகுதி மேற்பரப்பு அலையாகித் துளைகளை அடைந்தமை.
4. எட்டில் ஒரு பங்கு.
5. முப்பத்திரண்டில் ஒரு பங்கு.
6. ஒளிக்கு வழி, மின்னழுத்தத்துக்குக் கடத்தி. இவ்விரண்டையும் குறிப்பிட்டு, அதனால் உறுப்புச் சிறிதாவதையும் எழுதுக.
7. அறிமுகத்திலுள்ள மூன்று வினாக்களுக்கும் விடை உள்ளதா எனப் பார்க்க. மூன்றாவதற்கு விடை இல்லையாயின் நான்காம் பந்தியை மீண்டும் எழுதுக.